தெருவிளக்குக்கு யார் காசு?

போன ஐப்பசி மழையில் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் முக்கில் இருந்த தெருவிளக்கு அணைந்துபோனது. பத்து நாள் பார்த்துவிட்டு ஊராட்சி செயலாளரிடம் போய்ச் சொன்னேன். நல்ல தம்பிதான். சிரித்துக்கொண்டே "ஃபண்டு இல்லண்ணே" என்றார். சரி, சின்ன ஊராட்சி, இருக்காதுதான் என்று வந்துவிட்டேன். அடுத்த வாரமே அதே முக்கில், தெருக்குழாய்த் தண்ணீர் தேங்குகிற இடத்தில் உறிஞ்சுகுழி தோண்ட ஜேசிபி வந்து நின்றது. இதற்கு மட்டும் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "அது வேற ஹெட்டுண்ணே."

எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. உள்ளாட்சிக்கு வருகிற பணம் எல்லாம் ஒரே பானையில் விழுவதில்லை. ஒவ்வொரு ரூபாயும் இன்ன வேலைக்கு என்று நெற்றியில் எழுதிக்கொண்டுதான் வருகிறது. குழி தோண்ட வந்த பணத்தில் பல்பு வாங்கினால் தணிக்கையில் மாட்டும். இருட்டுத் தெருவில் ஜேசிபி நிற்கிறது என்றால் யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். பல நேரம் திருட்டே தேவையில்லை, கணக்குத் தலைப்பு மட்டும் போதும்.

ஒரு கிராம ஊராட்சியின் வரவைப் பார்ப்போம். முதலில் பொதுக் கணக்கு. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, கடை உரிமக் கட்டணம், வீடு கட்ட அனுமதிக் கட்டணம் எல்லாம் இதில் சேரும். ஏரி மீன்பாசிக் குத்தகை, வாரச்சந்தை ஏலம், சாலையோரப் புளியமர ஏலம் என்று ஊருக்கு ஊர் மாறுகிற வரவுகளும் உண்டு. மன்றம் தீர்மானம் போட்டுத் தன் விருப்பப்படி செலவு செய்யக்கூடிய பணம் பெரும்பாலும் இதுதான். அப்புறம், மின்கட்டணமும் குடிநீர் வடிகால் வாரியத்துக்குத் தர வேண்டிய தொகையும் கட்டுவதற்கென்று தனிக் கணக்கு. அதற்குப் பிறகு திட்டக் கணக்குகள். மத்திய நிதிக்குழு (மத்திய வரிப் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எப்படிப் பகிர்வது என்று சொல்கிற குழு) பரிந்துரைக்கிற மானியம் இன்னொரு பக்கம், அதற்கு டிஜிட்டல் கையெழுத்து, ஆன்லைன் பில் என்று தனி நடைமுறை.

இதில் முதல் கணக்கு எவ்வளவு சின்னது என்பதை ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் வெளியிட்ட பஞ்சாயத்து நிதி அறிக்கை காட்டியது. 2022-23இல் இந்தியாவில் ஒரு பஞ்சாயத்தின் சராசரி வரவு சுமார் 21 லட்சம் ரூபாய். அதில் தன் சொந்த வரியாக அது வசூலித்தது வெறும் 21,000 ரூபாய். கட்டணம், குத்தகை போன்ற வரியல்லாத வருவாய் 73,000. மீதி எல்லாம் மேலிருந்து இறங்கியது, மத்திய அரசிடமிருந்து சுமார் 17 லட்சம், மாநிலத்திடமிருந்து மூன்றேகால் லட்சம். இது நாடு முழுவதற்குமான சராசரி. மாநிலத்துக்கு மாநிலம் மாறும், தமிழ்நாட்டுக்குள்ளேயே ஊருக்கு ஊர் மாறும். ஆனாலும் நூற்றுக்கு ஐந்து ரூபாய்கூட சொந்தச் சம்பாத்தியம் இல்லை என்ற நிலை எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதாக இருக்காது.

ஏன் இவ்வளவு குறைவு? வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் புரியும். எங்கள் வீட்டுக்கு வருடத்துக்கு வருகிற தொகையில் இரண்டு பேர் டவுனுக்குப் போய் பிரியாணி சாப்பிட முடியாது. அந்த ரசீதிலும் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் போட்ட பொது நூலகச் சட்டத்தின் மிச்சம் அது. வரி ரூபாய்க்குப் பத்துப் பைசா வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். இருக்கிற சின்னத் தொகையிலும் இப்படி ஒரு பங்கு. (கிளை நூலகத்துக்குப் போய்ப் பல வருடம் ஆனவர்கள்கூட அதற்குக் காசு கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.)

வரியை ஏற்றலாமே என்று கேட்கலாம். கிராமத்தில் வரி போடுகிற தலைவரும் வரி கட்டுகிறவரும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள். பாதிப் பேர் மாமன் மச்சான். ஐந்து வருடத்தில் அவர்களிடமே ஓட்டுக் கேட்டுப் போக வேண்டும். மேலிருந்து மானியம் வருகிற வரைக்கும் இவர்களைப் பகைத்துக்கொண்டு ஐம்பது ரூபாய் ஏற்றுவானேன் என்று எந்தத் தலைவரும் நினைப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

தொழில் வரியில் இன்னொரு வகை முட்டுக்கட்டை. பல மாநிலங்களில் இது மாநில அரசின் கஜானாவுக்குப் போகிறது, தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளுக்கு வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு ஆளிடம் வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு சொல்கிறது. அந்த உச்சவரம்பு வைத்தது 1988இல். அன்றைக்கு அது பெரிய தொகை. இன்றைக்கு மாதம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் சம்பாதிப்பவரும் ஐடி கம்பெனியில் மூன்று லட்சம் வாங்குபவரும் அரையாண்டுக்கு ஒரே 1,250 ரூபாயைத்தான் கட்டுகிறார்கள். இதை மாற்ற ஊராட்சித் தலைவரால் முடியாது, முதலமைச்சராலும் முடியாது. நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும்.

அப்புறம் பத்திரப் பதிவு. நிலமோ வீடோ வாங்கும்போது மதிப்பில் 5 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் சொத்து மாற்றத் தீர்வை, அதற்கு மேல் பதிவுக் கட்டணம் என்று கட்டுகிறோம். நடுவில் இருக்கிற அந்த 2 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு உரியது. பத்திர ஆபீசில் வரிசையில் நிற்கிற பலருக்கு இது தெரியாது. பைபாஸ் ஓரத்தில், பிளாட் போட்டு விற்கிற ஊராட்சிக்கு இது பெரிய பணம். மானாவாரி நிலம் மட்டும் உள்ள, பத்து வருடத்துக்கு நான்கு கிரயம் நடக்கிற ஊருக்கு இது ஒன்றுமே இல்லை. பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகளில் ஒன்றில் சிமெண்ட் ரோடும் இன்னொன்றில் புழுதியும் இருந்தால் தலைவரின் திறமையைப் பேசுவதற்கு முன்னால் பத்திரப் பதிவுக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

மாநிலத்தின் பங்கு எப்படி வருகிறது? 73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம் அமைக்க வேண்டும் என்று விதித்தார்கள். தமிழ்நாடு இதில் ஒழுங்கான மாநிலம், ஆணையங்களைத் தொடர்ந்து அமைத்துவருகிறது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்ற ஏற்பாடு பல ஆண்டுகளாக இருக்கிறது. அதைக் கிராமம், நகரம் என்று பிரித்து, கிராமப் பங்கை மாவட்ட ஊராட்சி, ஒன்றியம், கிராம ஊராட்சி என்று மூன்றாகப் பிரித்து, மக்கள்தொகை உள்ளிட்ட கணக்குகளை வைத்துப் பகிர்கிறார்கள். ஊர்க்காரர்கள் இதை 'எஸ்எஃப்சி' என்பார்கள். தெருவிளக்குக் கரண்டு பில்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீருக்கான காசும் பெரும்பாலும் இதிலிருந்துதான் போகின்றன. ஒரு கையால் வாங்கி இன்னொரு கையால் மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கொடுக்கிற வேலை. அதாவது விளக்கு எரிய வேண்டிய கரண்டுக்குக் காசு உண்டு, எரியாத விளக்கை மாற்றத்தான் பொதுக் கணக்கைத் தடவ வேண்டும்.

மத்திய நிதிக்குழு மானியம் இன்னும் இறுக்கமானது. 2021 முதல் 2026 வரைக்குமான 15ஆவது நிதிக்குழு, ஊராட்சிகளுக்கான மானியத்தில் 60 சதவீதத்தைக் கட்டிப்போட்டது. பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு வகைக்கு, பாதி சுகாதாரத்துக்கு. மீதி 40 சதவீதத்தை ஊர்த் தேவைக்குச் செலவு செய்யலாம், ஆனால் சம்பளம் கொடுக்கக் கூடாது என்றது. எங்கள் முக்குக்கு உறிஞ்சுகுழி வந்த வழி இதுதான். டெல்லியில் இருந்து பார்க்கிறவருக்குத் தண்ணீரும் சுகாதாரமும் முக்கியம் என்று தோன்றியது, அதில் தப்பு சொல்ல முடியாது. எங்கள் முக்கில் குழியா விளக்கா என்பது மட்டும் டெல்லியில் இருந்து தெரியாது.

இந்த மானியத்துக்கு இன்னொரு நிபந்தனை உண்டு, தேர்தல் நடத்தியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. கிராம ஊராட்சிகளுக்கு 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும் மற்ற ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும் தேர்தல் நடந்தது. நகரங்கள் 2022 பிப்ரவரி வரை காத்திருந்தன. அதுவரை தனி அலுவலர்கள் ஆட்சி. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாததால் மத்திய மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. தேர்தலைத் தள்ளிப்போட்டது யார் என்று கட்சிகள் இன்றும் ஒருவரையொருவர் கைகாட்டுகின்றன. தண்டனை அனுபவித்தது குழாயடி. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் காலமும் 2025 ஜனவரி 5உடன் முடிந்து, அங்கெல்லாம் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள்.

தலைவர் இருந்த காலத்தில் மட்டும் எல்லாம் சுலபம் என்று சொல்ல மாட்டேன். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும். ஒருவர் சுருட்டிவிடாமல் இருக்க வைத்த ஏற்பாடு. ஆனால் தலித்துகளுக்கு ஒதுக்கிய இடத்தில் தலித் ஒருவர் தலைவராகி, ஆதிக்க சாதிக்காரர் துணைத் தலைவராக இருக்கிற ஊர்களில் அந்த இரண்டாவது கையெழுத்து ஒரு பூட்டாக மாறியதைச் செய்திகளில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். கணக்கில் பணம் கிடக்கும், துணைத் தலைவர் வெளியூர் போயிருப்பார், டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் நிற்கும். தலைவருக்கு நாற்காலி கொடுக்கவில்லை என்பது செய்தியாகிறது, கையெழுத்துக் கொடுக்கவில்லை என்பது அந்த அளவு ஆவதில்லை. உண்மையான அதிகாரம் இரண்டாவதில்தான் இருக்கிறது.

நகரத்துக்கு வந்தால் காட்சி மாறும். மாநகராட்சிகளுக்குச் சொத்து வரி என்பது உண்மையான சம்பாத்தியம். சென்னையில் தெருவுக்குத் தெரு ஒரு அடிப்படை மதிப்பு வைத்து, கட்டடப் பரப்பு, வீடா கடையா என்பதைப் பொறுத்து ஆண்டு வாடகை மதிப்பைக் கணக்கிட்டு அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குகிறார்கள். ஆனால் இங்கேயும் மன்றத்தின் கை முழுக்கத் தன் கையில் இல்லை. சென்னையில் 1998இல் வரியைச் சீராய்வு செய்தார்கள், மற்ற நகரங்களில் 2008இல். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. 2018இல் ஏற்றினார்கள், எதிர்ப்பு வந்தது, 2019இல் நிறுத்திவைத்தார்கள். 2022 ஏப்ரலில் ஒரேயடியாக ஏறியது. சென்னையின் பழைய பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடியைத் தாண்டினால் 150 சதவீதம். மற்ற நகரங்களில் 25 சதவீதத்தில் தொடங்கி 100 வரை.

இருபத்து நான்கு வருடம் தூங்கிவிட்டு ஒரு நாள் காலையில் எழுந்து இரண்டரை மடங்கு கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? ஏறிய காரணத்தையும் சொல்ல வேண்டும். சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவித்து, அதன் பிறகு மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலை உயர்த்தும் நகரங்களுக்குத்தான் மானியம் என்று 15ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டிருந்தது. அதைக் காட்டித்தான் மாநில அரசு உயர்வை நியாயப்படுத்தியது. இனி மொத்தமாக ஏற்றாமல் ஆண்டுதோறும் கொஞ்சம் ஏற்றுவது என்று விதி மாறியது. சென்னையில் 2024இல் 6 சதவீதம் கூடியது அந்த வழியில்தான். என்னைக் கேட்டால் வருடா வருடம் கொஞ்சம் ஏறுவதே நியாயம், வாடகையும் அப்படித்தானே ஏறுகிறது. ஆனால் தீர்மானம் போட்டுக் கெட்ட பெயர் வாங்குவது கவுன்சிலர், விகிதம் குறித்துக் கொடுத்தது கோட்டை, கோட்டையைத் தள்ளியது டெல்லி. வரி கட்டுகிறவர் யாரைப் போய்க் கேட்பது?

சென்னையில் 2021 தொடக்கம் முதல் வீட்டுக் குப்பைக்கு மாதக் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்தார்கள். வீட்டுக்குப் பத்து ரூபாயில் இருந்து நூறு ரூபாய் வரை. அப்போது தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை, சட்டமன்றத் தேர்தல் வாசலில் நின்றது. சில நாட்களில் அறிவிப்பு காணாமல்போனது. பத்து ரூபாய் பெரிய காசில்லை. யாரிடமும் கேட்காமல் வந்த காசு என்பதுதான் உறுத்தியது என்று நினைக்கிறேன்.

அப்படி நினைக்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது: ஆலந்தூர். இன்றைக்கு அது சென்னை மாநகராட்சியின் ஒரு மண்டலம், 2011இல் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் தனி நகராட்சி. விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஒட்டி ஒட்டி வீடுகள், பாதாளச் சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்க், திறந்த கால்வாய், லாரி. 1996 தேர்தலில் நகராட்சித் தலைவராக வந்த ஆர்.எஸ். பாரதியும் மன்றமும் பாதாளச் சாக்கடை கொண்டுவருவது என்று முடிவெடுத்தார்கள். செலவு முப்பது கோடியைத் தாண்டும். மானியத்துக்கும் கடனுக்கும் ஏற்பாடு செய்தாலும் பற்றாது. ஆகவே மக்களிடமே முன்வைப்புத் தொகை கேட்டார்கள், வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கு 10,000. அன்றைய 5,000 பல குடும்பங்களுக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். குழாயே புதைக்காத சாக்கடைக்கு முன்பணம்!

இந்தத் தொகையைக் கேட்டு நோட்டீஸ் ஒட்டிவிட்டு உட்காரவில்லை. தலைவரும் கவுன்சிலர்களும் வார்டு வார்டாகக் கூட்டம் போட்டார்கள், குடியிருப்போர் சங்கங்களோடு பேசினார்கள், வீடு வீடாகப் போனார்கள். இவ்வளவு கடன், இவ்வளவு மானியம், உங்கள் பங்கு இவ்வளவு, அப்புறம் மாதாமாதம் இவ்வளவு என்று கணக்கை விரித்துக் காட்டினார்கள். மக்கள் கட்டினார்கள். சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி நடத்தித் திருப்பித் தரும் முறையில் கொடுத்தார்கள். இந்திய நகராட்சிகளில் இந்த மாதிரி முயற்சிகளில் இது முன்னோடி என்று இன்றும் பாடமாகச் சொல்கிறார்கள். பாடங்களில் தனியார் பங்கேற்பைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அந்த ஐயாயிரம்தான் பெரிதாகப் படுகிறது.

இதில் ஒரு பழைய வேடிக்கையும் இருக்கிறது. சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29இல் பிறந்தது. அது பிறந்ததே வரிக்காகத்தான். கிழக்கிந்தியக் கம்பெனியை லண்டனில் இருந்து நடத்திய ஜோசையா சைல்ட், சென்னைக் கோட்டையில் இருந்த கம்பெனிக்காரர்களுக்கு எழுதிய யோசனையின் சாரம் இது: நாமாக அதிகாரம் காட்டி ஆறு பென்ஸ் கேட்டால் முணுமுணுக்கிற ஜனங்கள், தங்களுக்குள் தாங்களே விதித்துக்கொண்டால் ஐந்து ஷில்லிங்கையும் மனமுவந்து கொடுப்பார்கள். பத்து மடங்கு. ஜனநாயக ஆசையில் சொன்னதல்ல, செலவைத் தட்டிக்கழிக்கச் சொன்ன வியாபாரிப் புத்தி. முதல் மேயரையும் கம்பெனிதான் நியமித்தது. ஆனாலும் மனுஷன் ஆளைப் படித்திருக்கிறார். முந்நூறு வருடம் கழித்து ஆலந்தூரில் நடந்தது அதுதான்.

கடன் வாங்குவதும் ஒரு வழி. தனியாகப் போனால் எந்தச் சின்ன நகராட்சிக்கும் சந்தையில் கடன் கிடைக்காது. 2002இல் தமிழ்நாட்டில் 13 உள்ளாட்சிகளைச் சேர்த்துக் கட்டி, குடிநீர், சுகாதாரத் தேவைக்குக் கூட்டுக் கடன் பத்திரம் வெளியிட்டுச் சுமார் 30 கோடி திரட்டினார்கள். மகளிர் குழுக் கடன் மாதிரிதான், ஆள் சேர்ந்தால் நம்பிக்கை கூடும். பெரிய ஊருக்கு அந்தக் கூட்டு வேண்டியதில்லை. சென்னை மாநகராட்சி 2025இல் கொடுங்கையூர் குப்பைமேட்டைக் கிளறிப் பிரிக்கிற வேலைக்காகத் தன் பெயரிலேயே 200 கோடிக்குப் பத்திரம் விற்றது. வட்டி 7.97 சதவீதம். கடன் கடன்தான், நாளைக்குச் சொத்து வரியில் இருந்துதான் திருப்ப வேண்டும்.

2025 ஜனவரியில் பல கிராம ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு சேர்ப்பதாக அறிவிப்பு வந்ததும் ஊர் ஊராகப் போராட்டம் நடந்தது. நகரமாவது பெருமைதானே என்று டிவியில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் போட்ட கணக்கு வேறு. நகரத்தில் சேர்ந்தால் நூறு நாள் வேலை போகும், வீட்டு வரி சொத்து வரியாகி ஏறும். பாதாளச் சாக்கடையும் பூங்காவும் எப்போது வரும் என்று யாரும் தேதி சொல்லவில்லை. போவது நிச்சயம், வருவது உத்தேசம். இந்தக் கணக்கைப் புரியாமை என்று ஒதுக்கியவர்கள் ஆலந்தூர்க் கதையைக் கேட்காதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே மார்கழி முழுக்க டார்ச் அடித்துக்கொண்டு அந்த முக்கைக் கடந்தேன். தையில் குடியரசு தின கிராம சபையில் எழுந்து விளக்கைப் பற்றிக் கேட்டேன். பதிவு செய்துகொண்டார்கள். மாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் டேங்க் ஆபரேட்டர் ஏணியோடு வந்தார். பிடிக்க ஆள் இல்லாததால் நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புது எல்இடி விளக்கு, நல்ல வெளிச்சம். செயலாளரும் வந்து நின்று போட்டோ எடுத்தார், ஏதோ குரூப்பில் போட வேண்டுமாம்.

"இது எந்த ஹெட்டு தம்பி?" என்றேன்.

"புளியண்ணே" என்றார். "நேத்துத்தான் மரம் ஏலம் போச்சு."